மறைவு என்ற இடத்தில் ஒரு திகதி

நல்லூர்,
03.02.2025

எட்வேர்ட் அண்ணைக்கு,

ஞானாம்பிகை அம்மாவின் மகனைச் சாகடித்தது நீங்கள்தான். பதினாறு வருடமாக அந்தத் தாய் சாகவிடாமல் வைத்திருந்த பிள்ளையை, போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, சரசாலையில், நாற்பது பேருக்கு முன்னால் சாகடித்துவிட்டு அதைக் காணொளியாகவும் போட்டிருக்கிறீர்கள்.

நீங்களும் ஸ்ரெல்லா அண்ணியும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு இருமல் விடவில்லை, மற்றப்படி சுகம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் பதிவுத்தபால். கையெழுத்து வைத்துத்தான் எடுக்கவேண்டும்; கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

நீங்கள் பார்த்த காணொளி வெட்டி ஒட்டியது. உங்கள் அறக்கட்டளையின் கள உத்தியோகத்தராக நான் அங்கே நின்றேன், நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் றிபன் வெட்டினார்கள். பால் காய்ச்சினார்கள். புதுவீட்டுச் சுவரில் பதித்த எங்கள் அம்மாவின் பெயர்ப்பலகைக்குக் கீழே, 'பொன்மலர் இல்லம்' என்ற எழுத்துத் தெரியும்படி, ஞானாம்பிகை அம்மாவை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இதெல்லாம் இப்போது எல்லா உதவி வீட்டுக்கும் நடப்பதுதான். வெட்கம் எங்களுக்கு விட்டுப்போய்விட்டது. பிறகு அறக்கட்டளை சார்பில் லண்டனில் இருந்து வந்திருந்த லவீனா, "அம்மாவுக்கு ஒரு சப்பிறைஸ் இருக்கு" என்று சொல்லி, ஊதாத் துணியால் மூடிய ஒன்றை அவர் கையில் கொடுத்தா.

துணியை எடுத்தால் அவர் மகன் ஜெயரூபன். பதினான்கு வயதில் எடுத்த பாஸ்போட் படத்தைப் பெரிதாக்கி, கோட்டும் ரையும் போட்டு, சந்தனச் சீவல் மாலை தொங்கவிட்டு, சுற்றிவரச் சின்ன மின்விளக்குகள் வைத்திருந்தார்கள். கீழே: தோற்றம் 1992.03.02. மறைவு 2009.05.13.

நாங்கள் வேதக்காரர். எங்கள் வீட்டில் அப்பாவின் படத்துக்குக்கூட மாலை போட்டதில்லை. சைவ வீடென்றால் படத்துக்கு மாலை போட்டால் மரியாதை என்று உங்கள் அறக்கட்டளையில் யாரோ நினைத்திருக்கிறீர்கள். எப்போது போடுவார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் அழவில்லை. "என்ரை பிள்ளை எப்ப கோட்டுப் போட்டவன்?" என்றார். லவீனா சிரித்தா. பிறகு அவர் கடைசி வரியின் கீழே விரலை வைத்து, "உது ஆர் சொன்னது?" என்று கேட்டார்.  படத்தை வாசற்படியில் கவிழ்த்து வைத்தார். புதுவீட்டைப் பூட்டி, திறப்பை என் கையில் திணித்தார். பின்வளவில் இருந்த பழைய தகரக் கொட்டிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காணொளியில் இது எதுவும் இல்லை. பின்னணியில் கீபோட் வாசிக்கிறது. அதை இணையத்திலிருந்து எடுங்கள்.

ஷரோன்


குறொய்டன்,
21.02.2025

அன்புத் தங்கச்சி ஷரோனுக்கு,

கர்த்தர் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்க மன்றாடுகிறேன். இருமலுக்கு மருந்து எடுத்தாயா? குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே, அது உன் வழக்கம். இங்கே குளிர் விடவில்லை. ஸ்ரெல்லாவுக்கு முழங்கால் நோ.

காணொளியை எடுத்தாயிற்று. மாலை என் பிழை. லவீனாவைத் திட்டாதே; அவளுக்கு அங்கத்தைய வழக்கம் தெரியாது.

திகதியைப் பற்றி: அது ஸ்ரூடியோவில் ஏதோ போட்டிருப்பார்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால் அழகில்லை என்று நினைத்திருக்கலாம். அதைப் பெரிதுபடுத்தாதே. அந்தத் தாயிடமும் அதைப்பற்றிக் கதைக்காதே.

வேலை நெருக்குகிறது. இந்தக் கிழமை முழுக்க ஒரு கடிதத்தோடு இருந்தேன். இங்கே ஒரு பிள்ளையைப் பெற்ற தாயிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுத்தால், அந்தப் பிள்ளை வளர்ந்தபின் வாசிப்பதற்கு, பிரித்த சமூகப் பணியாளர் ஒரு கடிதம் எழுதிவைக்க வேண்டும். உன்னை ஏன் எடுத்தோம், அன்றைக்கு என்ன நடந்தது, உன் தாய் எந்த நிறச் சட்டை போட்டிருந்தா, எல்லாம். பொய் எழுதக்கூடாது. தெரிந்ததை எழுதாமல் விடவும் கூடாது. தன் கதை தெரியாத மனுசர் வாழ்நாள் முழுக்க அந்த ஓட்டையைத் தடவிக்கொண்டே இருப்பார்கள் என்று, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். இது என் நாற்பத்தோராவது கடிதம்.

சரசாலை அம்மா நித்திரை கொள்கிறாவா என்று பார்த்து எழுது.

உன் அண்ணன்,
எட்வேர்ட்


நல்லூர்,
14.03.2025

எட்வேர்ட் அண்ணைக்கு,

நித்திரை கொள்வதில்லை. கேட்டேன். என் இருமல் குறைந்துவிட்டது. மருந்தைப் பாதியில்தான் நிறுத்தினேன். அண்ணியின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் அனுப்பவா?

நேற்றுச் சாவகச்சேரியில் பஸ்சால் இறங்கி, அலுவலகச் சைக்கிளில் சரசாலைக்குப் போனேன். உங்கள் வீடு பூட்டியபடியே நிற்கிறது. வாசலில் கட்டிய பலூன்கள் சுருங்கித் தொங்குகின்றன. மகள் தயாளினி என்னைக் கண்டதும் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, இந்த மனுசிக்கு நீங்களெண்டாலும் சொல்லுங்கோ. அண்ணை இல்லையெண்டு எனக்குத் தெரியும். இருந்தால் இவ்வளவு காலத்திலை எனக்கு ஒரு கோல் எடுக்கமாட்டானே? ஓட்டுவீட்டைப் பூட்டி வைச்சிட்டு என்ரை பிள்ளை தகரத்துக்குக் கீழை கிடந்து வேகுது."

கொட்டிலுக்குள் இருந்து குரல் வந்தது. "ஆர் உன்னை மறிச்சது? போய் இரு. அண்ணையை வித்து வாங்கின வீடு, நல்லாய்க் குளிரும்."

தயாளினி அழுதுகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

ஒன்று சொல்லவேண்டும். முதல் கடிதத்தில் உங்கள் மேல் பாய்ந்தபோது நான் இதை விட்டுவிட்டேன். வீட்டு உதவிக்கான படிவம் உங்களுடையது, லண்டனில் அடித்து அனுப்பியது. பிள்ளைகளின் பல், நித்திரை, தடுப்பூசி என்று பதினெட்டுக் கேள்வி இருந்தது. குடும்ப அங்கத்தவருக்கு இரண்டே பெட்டி: உயிருடன், இறந்தவர். காணாமற்போனவருக்குப் பெட்டி இல்லை. வெறுமையாக விட்டால் குடும்பம் தெரிவாகாது. நான் 'இறந்தவர்' என்பதில் குறியிட்டேன். அவர் எனக்கு முன்னால் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்கவுமில்லை, வாசித்துக் காட்டவுமில்லை. "ஒரு கையெழுத்து வையுங்கோ அம்மா" என்றேன். வைத்தார். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களை இரண்டு தரம் படலையோடு திருப்பி அனுப்பியவர் அவர். அவர்களால் முடியாததை நான் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் முடித்துவிட்டேன். இதற்குத்தான் எனக்குச் சமூகப்பணி டிப்ளோமா தந்தார்கள்.

ஜெயரூபன் 2006 ஆவணி விடுமுறைக்கு, ஒரு கிழமைக்கென்று, கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டுக்குப் போனவன். அந்தக் கிழமையே சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டுப்பட்டது. "அந்த ஒரு கிழமை எனக்கு இன்னும் முடியேல்லை பிள்ளை" என்கிறார். 2009 பங்குனிக்குப் பிறகு அவனைக் கண்டதாகச் சொல்ல யாரும் இல்லை.

படத்தை அவர் எறியவில்லை. துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்.

ஷரோன்


குறொய்டன்,
06.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இருமல் குறைந்தது கேட்டு நிம்மதி. வேப்பெண்ணெய் வேண்டாம், இங்கே தமிழ்க் கடையில் கிடைக்கிறது.

பெட்டியில் குறியிட்டதற்காக உன்னை வதைக்காதே. படிவத்தைப் போட்டவன் நான். அந்தத் தாயின் நிலை எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு கிழமைக்கென்று அந்தப் பச்சைப் பையோடு போன பிள்ளை மூன்று வருடம் அதே பையோடு அலைந்தான் என்றால், எந்தத் தாயால் தாங்க முடியும்? சாவகச்சேரியில் உளவளத்துணையாளர் யாராவது இருந்தால் அவவைக் கூட்டிப்போ.

படத்தை நீ வாங்கிக்கொண்டுவந்து எரித்துவிடு. ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு அம்மாவின் கல்லறைக்குப் பூ வை. என் பெயரைச் சொல்லியும் வை.

எட்வேர்ட்


நல்லூர்,
02.05.2025

எட்வேர்ட் அண்ணைக்கு,

பூ வைத்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

பச்சைப் பை என்று நான் எழுதவில்லை. எனக்கே தெரியாது. உங்கள் கடிதத்தைக் கொண்டு நேரே சரசாலைக்குப் போய், "அம்மா, மகன் என்ன நிறப் பை கொண்டுபோனவர்?" என்று கேட்டேன்.

"பச்சை. சிப் உடைஞ்சது. ஊசியாலை தைச்சுக் குடுத்தனான். ஏன் பிள்ளை?"

ஏனென்று சொல்லாமல் வந்துவிட்டேன். அங்கிருந்து குருநகருக்குப் போனேன், படத்துக்குச் சட்டம் போட்ட கிறிஸ்ரோபரிடம். நீங்கள் போகத் தேவையில்லை என்று சொன்ன இடம்தான். அவர் கோபப்பட்டார்.

"தங்கச்சி, நான் சொந்தமாய்த் திகதி போடுவனே? என்ரை தொழில் என்ன, செத்தவீட்டுக் கார்ட் அடிக்கிறது. திகதி பிழைச்சால் ஆக்கள் அடிக்க வருவினம். கோட்டு என்ரை வேலைதான், அதை ஒத்துக்கொள்ளுறன். திகதி தெரியாட்டி விடுவம் எண்டு அவரிட்டைக் கேட்டனான். இஞ்சை கேளுங்கோ என்ன சொன்னவரெண்டு."

போனில் உங்கள் குரலைப் போட்டுக் காட்டினார். "தெரியும். போடுங்கோ. இரண்டாயிரத்து ஒன்பது, மே பதின்மூன்று." ஓரிடத்திலும் தடக்காமல் சொல்கிறீர்கள்.

நான் ஒன்பது குடும்பங்களின் பட்டியல் அனுப்பினேன். அதில் இவர் பெயர் இல்லை. பத்தாவதாக நீங்கள்தான் சேர்த்தீர்கள்: "சரசாலையில் ஞானாம்பிகை என்று ஒருவர் இருப்பார், தேடிப்பார்." எப்படித் தெரியும் என்று அப்போது நான் கேட்கவில்லை. அறக்கட்டளை உங்களுடையது, கேட்டுப் பழகவில்லை.

நீங்கள் கிளிநொச்சியில் சபையின் சிறுவர் இல்லத்தில் வேலை செய்தவர். கடைசிவரை பிள்ளைகளை விடாமல் நின்று, பதினொரு பேரை உயிரோடு கூட்டிவந்தவர் என்று இன்றைக்கும் இங்கே பிரசங்கத்தில் சொல்கிறார்கள். நீங்கள் முகாமால் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. லண்டனுக்குப் போகும்வரை, ஒவ்வொரு மே பதின்மூன்றும் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்கமாட்டீர்கள். "அண்ணை ஜெபத்திலை இருக்கிறார், குழப்பாதை" என்பா அம்மா. ஊர் முழுக்கப் போர் முடிந்த பதினெட்டாம் திகதியில் நினைவுகூரும். நீங்கள் மட்டும் பதின்மூன்று.

"உது ஆர் சொன்னது?" என்று அவர் கேட்டதைக் கோபம் என்று நினைத்தேன். அது கோபமில்லை. திகதி தெரிந்த ஒரு ஆள் எங்கேயோ இருக்கிறார் என்று அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

ஜெயரூபனை உங்களுக்குத் தெரியுமா?

ஷரோன்


குறொய்டன்,
27.07.2025

ஷரோனுக்கு,

உன் கடிதம் மே பதினாறாம் திகதி கிடைத்தது. இரண்டு மாதம் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். நீ சுகமாக இருக்கவேண்டும். நான் சுகம்.

தெரியும்.

பங்குனியில் எங்கள் கஞ்சி வரிசைக்கு வந்தான். பெரியம்மா வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. இல்லத்துப் பிள்ளைகள் பதினொரு பேரில் மூத்ததுக்கு ஒன்பது வயது. இவனுக்குப் பதினேழு. சின்னதுகளைத் தூக்குவான், தண்ணீர் அள்ளுவான். கஞ்சிக்கு உப்பில்லை என்று ஒவ்வொரு நாளும் முறைப்பாடு. "கடலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு உப்பில்லையெண்டால் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது அண்ணை?" என்பான். பிள்ளைகள் சிரிக்கும். "சரசாலை, அம்மா பேர் ஞானாம்பிகை, நீங்கள் முதல் போனால் சொல்லவேணும்" என்று என்னைப் பாடமாக்க வைத்தான். பிழைவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லுவான்.

அவனை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எந்த முகாமிலும் அவன் இல்லை. திகதி சரி.

அன்றைக்கு மத்தியானம் அவனுக்குக் காயம் பட்டது. உடனே உயிர் போகவில்லை. எனக்கு இரண்டு கை. பதினொரு பிள்ளைகள். நான் ஒரு முடிவெடுத்தேன். பிள்ளைகளை ஒரு பதுங்குகுழியில் விட்டுவிட்டு, பிறகு அந்த இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

இதை அவவிடம் சொல்லாதே. சொன்னால் அடுத்ததைக் கேட்பா.

எட்வேர்ட்


நல்லூர்,
30.08.2025

அண்ணைக்கு,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை முழுதாக வாசித்தேன். கொட்டில் வாசலில் இருந்து கத்தரிக்காய்களைச் சந்தைக்குத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பூச்சி விழுந்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். வாசித்து முடியும்வரை கை நிற்கவில்லை. முடிந்தபிறகு, "உப்பெண்டதை இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். "வீட்டிலையும் உதுதான் சொல்லுவான். அகப்பைக் காம்பாலை அடி வாங்குவான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அந்த நல்ல கத்தரிக்காய்களை எல்லாம் பூச்சிக் கத்தரிக்காய்களோடு கலந்து ஒரே ஓலைக் கடகத்தில் கொட்டினார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 

நேற்றுக் கடிதம் எழுதித் தந்தார், இதோடு இருக்கிறது. நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை.

உங்களை நான் குற்றம் சொல்கிறேனா என்று யோசித்தேன். அந்த முடிவுக்கு இல்லை. எனக்கு அன்றைக்குப் பதின்மூன்று வயது. நான் நல்லூரில் இருந்தேன். எனக்கு அந்த உரிமை இல்லை. அவன் உங்களைப் பாடமாக்க வைத்தான். லண்டனுக்குப் போகும்வரை சரசாலை உங்களுக்கு ஒரு பஸ் தூரம். நீங்கள் சொல்லாமல் விமானம் ஏறினீர்கள். சொல்லவேண்டிய இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தீர்கள். குற்றம் அதுதான்.

அறக்கட்டளை வேலையிலிருந்து விலகுகிறேன். அலுவலகத்தில் இருக்கும் லூர்த்தம்மாவிடம் திறப்பைக் கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பாருங்கள்.

ஷரோன்


சிவமயம்

சரசாலை,
29.08.2025

தம்பி எட்வேர்ட் அறிவது,

நானும் மகளும் பேத்தியும் சுகம். நீங்களும் உங்கடை மனுசியும் சுகமாய் இருக்க அம்மாளாச்சியைக் கும்பிடுறன். நான் எட்டாம் வகுப்புத்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ன முடிவு எடுத்தனியள் எண்டு கேக்க இதை எழுதேல்லை. அந்தப் பதினொரு பிள்ளையளுக்கும் தாய்மார் இருந்திருப்பினம். சின்னனுகளை அவன் தூக்கினவன் எண்டு எழுதியிருக்கிறியள். தங்கச்சியையும் அப்பிடித்தான் இடுப்பிலை வைச்சுக்கொண்டு திரிவான்.

பதினாறு வரியம் காணாமற்போன பிள்ளையளின்ரை தாய்மாரோடை போராட்டக் கொட்டகையிலை படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். இனி அங்கை போகேலாது. தெரிஞ்சுகொண்டு அவையளுக்குப் பக்கத்திலை போய் இருந்தால் அது களவு. ஏன் வாறேல்லை எண்டு பராசக்தி அக்கா ஆள் விட்டுக் கேக்கிறா. நான் உடம்பு வருத்தம் எண்டு சொல்லுறன்.

எனக்கு இப்ப ஒரு அலுவல்தான் இருக்கு. பிள்ளைக்குத் திவசம் செய்யவேணும். ஐயரிட்டைப் போனன். அவர் அந்த வரியத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துப் பாத்தார். அண்டைக்குப் பொழுதுபடுற நேரத்தோடை திதி மாறுதாம். பொழுதுபட முன்னம் போனதெண்டால் சதுர்த்தி. பிறகெண்டால் பஞ்சமி. திதி பிழைச்சால் நான் குடுக்கிறது அவனுக்குப் போய்ச் சேராது. பதினாறு வரியம் ஒண்டுமே குடுக்கேல்லை. குடுக்கிற முதல் பிடி சோறாவது சரியாய்ப் போகவேணும்.

மத்தியானம் பட்டதெண்டு எழுதியிருக்கிறியள். திரும்பிப் போனதெண்டும் எழுதியிருக்கிறியள். போகேக்கை உயிர் இருந்ததோ இல்லையோ எண்டு கேக்கப் பயமாய்க் கிடக்கு. அதை விடுங்கோ.

பொழுதுபட முன்னமோ, பிறகோ? அதை மட்டும் எழுதுங்கோ.

தயாளினியைப் புதுவீட்டிலை போய் இருக்கச் சொல்லிப்போட்டன். வீடு நல்ல வீடு.

இப்படிக்கு,
பஞ்சலிங்கம் ஞானாம்பிகை


நல்லூர்,
09.11.2025

அண்ணைக்கு,

அவருடைய கடிதத்தை நீங்கள் செப்டெம்பர் பதினேழாம் திகதி கையெழுத்து வைத்து எடுத்திருக்கிறீர்கள். தபாலக இணையத்தில் காட்டுகிறது. எட்டுக் கிழமை ஆகப்போகிறது.

நான் இப்போது நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் சரசாலைக்குப் போகிறேன். யாரும் அனுப்பிப் போகவில்லை. தபால்காரரின் மணி ஒழுங்கையில் கேட்டால் ஞானாம்பிகை அம்மா கையில் இருப்பதை வைத்துவிட்டு எழும்புகிறார். மணி கடந்து போனதும் திரும்ப இருக்கிறார்.  நான் வெளிக்கிடும்போது, "அண்ணைக்கு வேலை கூடவாக்கும்" என்று உங்களுக்காக எனக்குச் சமாதானம் சொல்கிறார்.

இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு நாற்பத்தொரு கடிதம் எழுதினீர்கள். தாய் போட்டிருந்த சட்டையின் நிறம்வரை எழுதினீர்கள். இவர் நிறம் கேட்கவில்லை.

அண்ணிக்கு முழங்கால் எப்படி?

ஷரோன்


குறொய்டன்,
12.12.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பாலன் பிறப்பின் சமாதானம் உன்னோடிருப்பதாக. ஸ்ரெல்லாவுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை. எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட என்றார்கள், மாத்திரை எடுக்கிறேன்.

அங்கே புயலும் வெள்ளமும் என்று செய்தியில் பார்த்துப் பதறிப்போனேன். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? சரசாலை வீடு எப்படி? கூரை ஒழுகினால் லூர்த்தம்மாவிடம் சொல், ஆள் அனுப்புவா. அம்மாவின் பெயர்ப்பலகையையும் கழற்றச் சொல்லியிருக்கிறேன். அது அங்கே இருப்பது சரியில்லை. அவவுக்கு ஒரு சேலையும், குழந்தைக்குச் சட்டையும் வேறாக அனுப்பியிருக்கிறேன்.

வேலையில் மாற்றம் கேட்டுப் பெற்றுக்கொண்டேன். இனி அந்தக் கடிதங்களை நான் எழுதத் தேவையில்லை. வயோதிபர் பிரிவு. அமைதியான வேலை.

பனிக்குள் நடந்தால் மூச்சு வாங்குகிறது. நீ இருமலைக் கவனி.

அன்புடன்,
எட்வேர்ட்


நல்லூர்,
15.03.2026

எட்வேர்ட் அண்ணைக்கு,

கூரை ஒழுகவில்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. என் இருமல் போய்விட்டது. மாத்திரையைத் தவறவிடாதீர்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன்.

சேலை வந்தது. பொதியைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். பெயர்ப்பலகையைக் கழற்ற வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அந்த மனுசி என்ன செய்தவ? அவவின்ரை பேர் இருக்கட்டும்" என்றாராம். தயாளினியின் பிள்ளை எங்கள் அம்மாவின் பெயரைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் பழகுகிறாள்.

ஜனவரியிலிருந்து அவரும் புதுவீட்டில்தான் இருக்கிறார். முன்னறையில் ஜெயரூபனின் படம் இருக்கிறது. கிறிஸ்ரோபரிடம் கொண்டுபோய்க் கோட்டையும் ரையையும் எடுப்பித்துவிட்டோம். பள்ளிக்கூடச் சட்டையோடு இருக்கிறான். மின்விளக்கும் இல்லை. சந்தன மாலையை அவர் எறியவில்லை. படத்துக்குப் போடவும் இல்லை. பக்கத்தில் வேறொரு ஆணி அடித்து அதில் தொங்கவிட்டிருக்கிறார். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, ஏன் மாலை தனியே தொங்குகிறது என்று கேட்கிறார்கள். "ஒரு கடிதம் வரவேணும்" என்கிறார்.

அந்தத் திதி சித்திரைத் தேய்பிறையில் வருகிறது. இன்னும் ஏழு கிழமை. தபால் இரண்டு, மூன்று கிழமை எடுக்கும். ஐயர் இரண்டு நாளையும் குறித்துக்கொடுத்து, "ஒண்டை முடிவுசெய்து சொல்லுங்கோ" என்றார். இரண்டு நாளும் செய்தால் என்ன அம்மா என்று நான் கேட்டேன். "ஒரு பிள்ளை இரண்டு தரம் சாகுமே?" என்று திரும்பிக் கேட்டார். 

உங்களுக்கு எது பயம் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் பட்டது. பொழுதுபட முன்னம் என்று எழுதினால் சில மணித்தியாலம். பிறகு என்று எழுதினால் அவ்வளவு நேரமும் அவன் அங்கே கிடந்தான் என்று ஆகும். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் வெளியே வந்துவிடும். அவருக்கும் இது தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

வீடு வேண்டாம், சேலை வேண்டாம், நீங்கள் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். எனக்கு எழுத வேண்டாம். நேரே அவருக்கு எழுதுங்கள். உள்ளே ஒரு உறை வைத்திருக்கிறேன், அவருடைய முகவரியை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு தாளில் ஒரு சொல் போதும். பெயரும் போடத் தேவையில்லை.

பொழுதுபட முன்னமா, பிறகா?

ஷரோன்